மாநிறத்தில் கருவளையம் மறைய: கரெக்டர் முதல் பவுடர் வரை, படிப்படியாக

2015இல், அமெரிக்காவில் அழகுக்குறிப்பு வீடியோ போடும் இந்திய வம்சாவளிப் பெண் தீபிகா முத்யாலா தன் கண்ணுக்குக் கீழே சிவப்பு லிப்ஸ்டிக்கைத் தடவி, அதன்மேல் கன்சீலர் (கறையை மூடும் தோல் நிறக் கிரீம்) வைத்து, கருவளையத்தைக் காணாமல் போக்கிக் காட்டினார். அந்த வீடியோ ஒரு கோடி தடவைக்கு மேல் ஓடியது. அதைப் பார்த்து வீட்டில் செய்தவர்களில் சிலர், கண்ணடியில் குத்து வாங்கியது போலக் கன்றிச் சிவந்த முகத்தோடு என் வகுப்புக்கு வந்து நின்றிருக்கிறார்கள். "அக்கா, அவங்களுக்கு மட்டும் எப்படி வருது?" என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி.

மதுரையில் ஞாயிறுதோறும் எட்டுப் பத்துப் பேருக்கு மேக்கப் சொல்லித் தருகிறேன். நான் பார்த்தவரை, முத்யாலாவின் வழியில் தப்பில்லை. செய்கிற வரிசையில்தான் தப்பு வருகிறது. விஷத்துக்கு முறிவு இருப்பது போல நிறத்துக்கும் முறிவு உண்டு. கருமையை முதலில் முறிக்க வேண்டும், அப்புறம்தான் மூட வேண்டும். முறிக்காமல் வெளிறிய கன்சீலரை எத்தனை கோட் அடித்தாலும் மாநிறத்தில் சாம்பல்தான் பூக்கும்.

1. முந்தைய நாளே முடிக்க வேண்டியவை

தேவையானவை கொஞ்சம்தான்: ஒரு கரெக்டர் (கருமையை முறிக்கும் வண்ணக் கிரீம்), ஒரு கன்சீலர், ஒன்று அல்லது இரண்டு ஃபவுண்டேஷன், விரல்நுனி அகலத்தில் ஒரு பிரஷ், ஒரு ஸ்பாஞ்ச், லூஸ் பவுடர், கைக்கண்ணாடி, ஃபிளாஷ் உள்ள போன்.

புதிதாக வாங்கிய எதையும் காதுக்குப் பின்னால் சிறிது தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். கண்ணடித் தோல் முகத்திலேயே மெல்லியது. அரிப்போ தடிப்போ வருவதானால் காதுக்குப் பின்னால் வந்துவிட்டுப் போகட்டும்.

மஞ்சள் பூசிய முகத்தில் ஷேடு பார்க்காதீர்கள். மஞ்சள் கறை ஓரிரு நாள் தோலில் நிற்கும். அதற்குப் பொருந்துகிற ஃபவுண்டேஷனை வாங்கினால், கறை போனதும் முகம் மஞ்சளாகத் தனியே தெரியும். நலங்கு முடிந்த கையோடு மணப்பெண்ணுக்கு ஷேடு பார்த்துவிட்டு, முகூர்த்தத்தன்று திண்டாடியவர்கள் உண்டு. நலங்குக்கு முன்பே பார்த்துவிடுங்கள். த்ரெடிங், ஃபேஷியல் செய்த அன்றும் வேண்டாம், தோல் சிவந்திருக்கும்.

2. வெளிச்சத்தைச் சரிசெய்தல்

பகலில், ஜன்னலுக்கு முகம் காட்டி உட்காருங்கள். வெயில் நேராக முகத்தில் விழக் கூடாது. ஜன்னல் முதுகுப்பக்கம் இருந்தாலும் பிரயோஜனமில்லை.

இதற்குக் காரணம் உண்டு. வெள்ளை டியூப் லைட்டில் மாநிறம் சற்று வெளிறிப் பச்சை தட்டும், கரெக்டரின் ஆரஞ்சும் மங்கித் தெரியும். போதவில்லை என்று நினைத்து இன்னும் அப்புவோம். மஞ்சள் பல்பில் கதை தலைகீழ். எல்லாமே ஆரஞ்சாகத் தெரிவதால், மிச்சமிருக்கும் ஆரஞ்சு கண்ணுக்கு அகப்படாது. வாசலுக்கு வந்ததும் காட்டிக்கொடுத்துவிடும்.

விடியற்காலை முகூர்த்தமென்றால் இரண்டு மணிக்கே மேக்கப் தொடங்கிவிடும், பகல் வெளிச்சத்துக்கு எங்கே போவது? அதனால்தான் ஒரு வாரம் முன்பு பகலில் ஒத்திகை பார்த்து, எது எவ்வளவு என்று எழுதி வைக்கச் சொல்கிறேன். இரவில் கண்ணை நம்பாமல் அந்தக் காகிதத்தை நம்புங்கள்.

3. எந்தக் கருமை என்று பிரித்துப் பார்த்தல்

கருவளையம் என்று ஒரே பேரில் சொல்கிறோம். உள்ளே மூன்று வகை இருக்கிறது, ஒருவருக்கே இரண்டு மூன்றும் கலந்திருக்கலாம்.

கண்ணடித் தோலை விரலால் மெதுவாகப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். பழுப்பு அப்படியே நின்றால் அது தோலிலேயே ஊறிய நிறமி. நம்மில் பலருக்கும் இதுதான், பரம்பரையாகவும் வரும். இழுக்கும்போது நீலமும் ஊதாவும் இன்னும் துலங்கினால், மெல்லிய தோலுக்குக் கீழே ரத்த நாளங்கள் தெரிகின்றன என்று அர்த்தம்.

மூன்றாவது, பள்ளத்தின் நிழல். கைக்கண்ணாடியோடு முகத்தை ஜன்னல் பக்கம் நிமிர்த்துங்கள். கருமை பாதி காணாமல் போனால் அது நிறமே இல்லை, நிழல். நிழலுக்குக் கரெக்டர் போட்டால் ஆரஞ்சுப் பள்ளம்தான் கிடைக்கும். வகுப்பில் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். நிழல் மட்டும் இருப்பவர்கள் நான்காவது, ஏழாவது படிகளை விட்டுவிட்டு, பள்ளத்தின் கோட்டில் மட்டும் கன்சீலர் வைத்தால் போதும்.

வாயைச் சுற்றி, நெற்றியோரம், மூக்கின் பக்கவாட்டு ஆகியவற்றையும் இப்போதே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அவை பெரும்பாலும் முதல் வகை.

4. முறிக்கும் நிறத்தைத் தேர்ந்தெடுத்தல்

நிறச் சக்கரத்தில் நீலத்துக்கு எதிரே ஆரஞ்சு இருக்கிறது. எதிரெதிர் நிறங்கள் கலந்தால் ஒன்றையொன்று முறித்து, இரண்டும் அடங்கிய பழுப்பாகிவிடும். கண்ணடிக் கருமையில் நீலமும் சாம்பலும் தூக்கலாக இருப்பதால்தான் சிவப்பு, ஆரஞ்சுக் குடும்பம் வேலை செய்கிறது. முத்யாலாவின் லிப்ஸ்டிக் தந்திரத்துக்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான்.

ஆனால் நிறம் மட்டும் பொருந்தினால் போதாது, அடர்த்தியும் பொருந்த வேண்டும். வெளிர் மாநிறத்துக்குப் பீச். நடுத்தர மாநிறத்துக்கு ஆரஞ்சு. நல்ல கருநிறத்துக்குச் செங்கல் சிவப்பு, அல்லது ஆரஞ்சு கலந்த சிவப்பு. பீச் என்பது ஆரஞ்சில் வெள்ளை கலந்த நிறம். கருத்த தோலில் அந்த வெள்ளை மேலே மிதந்து சாம்பலாகும். கடையில் "எல்லாருக்கும் போகும்" என்று பீச்சையே நீட்டுவார்கள். எல்லாருக்கும் போகாது.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை. கரெக்டரைக் கருமையின் மேல் மெலிதாக வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் வெளுத்துத் தெரிந்தால் ஷேடு உங்களுக்கு லேசு, ஒரு படி அடர்த்தியாக எடுங்கள்.

பச்சைக் கரெக்டரைப் பெட்டியோடு விற்பார்கள். அது சிவந்த பருவுக்கான முறிவு. நமக்குப் பரு போன பின் நிற்கும் தழும்பு பெரும்பாலும் பழுப்பு, கறுப்பு. அதன்மேல் பச்சை வைத்தால் அழுகிய வாழைப்பழ நிறம் வரும். தழும்புக்கும் ஆரஞ்சுதான், அதுவும் ஊசிமுனை அளவு.

சரி, லிப்ஸ்டிக்கையே போடலாமா? நான் வேண்டாமென்றே சொல்வேன். அமெரிக்காவில் கண் பகுதிக்கு அனுமதிக்கும் நிறமிகளின் பட்டியலே தனி, லிப்ஸ்டிக்கில் சேரும் சில சிவப்பு நிறமிகள் அதில் கிடையாது. தவிர, லிப்ஸ்டிக்கின் மெழுகும் எண்ணெயும் கண்ணடியில் வழுக்கும். சில லிப்ஸ்டிக் கறையாகவே தங்கிவிடும். முத்யாலாவே 2018இல் லைவ் டிண்டட் என்ற தன் கம்பெனியைத் தொடங்கி, 2019இல் முதல் பொருளாகக் கொண்டுவந்தது கண், கன்னம், உதடு மூன்றுக்கும் ஆகிற ஹியூஸ்டிக் என்ற வண்ணக் குச்சிதான். எந்தக் கம்பெனிப் பொருளை வாங்கினாலும், கண் பகுதிக்கு ஆகும் என்று அட்டையில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

5. ஃபவுண்டேஷன் ஷேடு பார்த்தல்

மணிக்கட்டில் தேய்த்துப் பார்க்கும் பழக்கத்தை முதலில் விடுங்கள். கையின் உட்புறம் வெயில் படாத இடம், முகத்தைவிட இரண்டு ஷேடு வெளுப்பாக இருக்கும். நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கும் வித்தையும் நமக்குச் சரிவராது. கருத்த தோலில் நரம்பு ஒழுங்காகத் தெரிந்தால்தானே நிறம் சொல்ல முடியும்!

தாடை ஓரத்தில், பாதி கன்னத்திலும் பாதி கழுத்திலும் விழும்படி, பக்கம் பக்கமாக மூன்று ஷேடுகளைக் கோடு போடுங்கள். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் உங்களுடையது. ஆனால் உடனே முடிவு செய்யாதீர்கள். சில ஃபவுண்டேஷன்கள் தோலின் எண்ணெயோடு சேர்ந்து சிறிது நேரத்தில் ஒரு படி கறுக்கும். இருபது நிமிடம் கழித்து, கடையை விட்டு வெளியே வந்து, வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

அடுத்து அண்டர்டோன், அதாவது தோல் நிறத்துக்கு அடியில் தெரியும் சாயல். ஃபவுண்டேஷனின் நிறம் பெரும்பாலும் நான்கு நிறமிகளால் ஆனது: மஞ்சள், சிவப்பு, கறுப்பு இரும்பு ஆக்சைடுகள், வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. ஒரே அடர்த்தியிலேயே மஞ்சள் கூடினால் ஒரு முகத்துக்குப் பொருந்தும், சிவப்பு கூடினால் இன்னொரு முகத்துக்கு. பச்சை தட்டும் ஆலிவ் மாநிறமும் நம்மிடம் உண்டு. அவர்களுக்கு எதைப் போட்டாலும் ஒன்று ரோஸாகத் தெரியும், இல்லையேல் ஆரஞ்சாகத் தெரியும். பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி 2017இல் 40 ஃபவுண்டேஷன் ஷேடுகளோடு வந்த பின் பல கம்பெனிகளும் எண்ணிக்கையைக் கூட்டின. எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் அடர்த்தியில் மஞ்சள், சிவப்பு, நடுநிலை என்று இரண்டு மூன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். சரியாக ஒன்று அமையவில்லையென்றால் இரண்டை வாங்கிக் கலப்பதில் வெட்கமில்லை. என் பெட்டியில் இருப்பதெல்லாம் கலவைதான்.

நம் முகம் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. கன்னம் வெளுத்திருக்கும், நெற்றியும் வாயோரமும் கறுத்திருக்கும். வெளுத்த கன்னத்துக்குப் பொருத்தினால் கழுத்துக்கு மேல் முகமூடி வைத்தது போலாகும். கழுத்தை அளவாக வையுங்கள். கழுத்தே மார்பைவிடக் கறுத்திருந்தால் மார்பை அளவாக வையுங்கள். கழுத்துமடிப்பு வெல்வெட் துணி போலத் தடித்துக் கறுத்திருந்தால், அது இன்சுலின் கோளாறின் அடையாளமாகவும் இருக்கலாம். மேக்கப்பால் மூடும் முன் ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

மணப்பெண்ணின் அம்மா வந்து "கொஞ்சம் செவப்பா காட்டும்மா" என்று காதோரம் சொல்லும் இடமும் இதுதான். நான் மறுத்துப் பேசுவதில்லை. பெண்ணின் ஒரு பாதி முகத்தில் அம்மா கேட்ட ஷேடு, மறு பாதியில் அவளுடைய சொந்த ஷேடு போட்டு, போனில் படம் எடுத்துக் காட்டுவேன். அநேகமாக அந்தப் படத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

6. தோலைத் தயார்செய்தல்

முகம் கழுவி, ஈரம் காயும் முன் மாய்ஸ்சரைசர். கண்ணடியில் துளி போதும். ஐந்து நிமிடம் விடுங்கள், அது உள்ளே இறங்காவிட்டால் மேலே வைப்பதெல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடும். எண்ணெய்ப் பசை உள்ள முகத்துக்கும் மாய்ஸ்சரைசர் வேண்டும், ஜெல் வகையாகப் பார்த்து எடுங்கள். தேங்காயெண்ணெய் தடவிவிட்டு அதன்மேல் மேக்கப் என்பது மட்டும் வேண்டாம்.

பகல் நிகழ்ச்சியென்றால் சன்ஸ்கிரீன். ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் உள்ள வெள்ளை சன்ஸ்கிரீன் கருத்த தோலில் விபூதி பூசியது போல வெளுப்பு விடும். அந்த வெளுப்பின் மேல் கரெக்டர் வைத்தால், நீங்கள் முறிப்பது கருவளையத்தை அல்ல, சன்ஸ்கிரீனை. வண்ணம் கலந்ததை எடுங்கள். லைவ் டிண்டட்டின் ஹியூகார்டு என்ற எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன், இந்த வெளுப்பைத் தவிர்க்கத்தான் நிறம் சேர்த்து வந்தது. இந்தியக் கடைகளிலும் வண்ண சன்ஸ்கிரீன் இப்போது கிடைக்கிறது. அதிலுள்ள இரும்பு ஆக்சைடுக்கு இன்னொரு பலனும் உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மாநிறத்தில் மங்கு போன்ற கருமையைக் கூட்டும், அதை இது ஓரளவு தடுக்கும்.

7. கரெக்டர் வைத்தல்

அளவு: ஒரு கண்ணுக்கு அரை அரிசி. நான் மிகைப்படுத்தவில்லை. முதல் தடவை எல்லோரும் எடுப்பது பட்டாணி அளவு. பிறகு அதை மறைக்க கன்சீலர், அதை மறைக்கப் பவுடர் என்று சுவர் பூச்சு வேலையாகிவிடும்.

கையின் பின்புறத்தில் கரெக்டரைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். பிரஷால் கருமையின் நடுவில் மட்டும் வையுங்கள். கருமை பெரும்பாலும் மூக்கோரக் கண்முனையிலிருந்து நடுக்கண் வரைக்கும்தான் இருக்கும், வெளிமுனைக்குத் தேவைப்படாது. இமை முடிக்கு ஒட்டி வைக்காதீர்கள், கண்ணீரில் கரைந்து இறங்கும்.

அப்புறம் மோதிர விரலால் தட்டித் தட்டி ஓரத்தை மட்டும் கரைக்க வேண்டும். மோதிர விரலுக்கு அழுத்தம் குறைவு, அதனால் அந்த விரல். தேய்த்தால் நடுவில் வைத்தது ஓரத்துக்கு வந்துவிடும். கருமை இருந்த இடம் காலியாக, நல்ல தோல் ஆரஞ்சாக நிற்கும்.

எப்போது நிறுத்துவது? சாம்பல் போய், அந்த இடம் லேசாக வெதுவெதுப்பான பழுப்பாகத் தெரிந்தால் போதும். ஆரஞ்சு என்று பெயர் சொல்லும்படி தெரிந்தால் கூடிவிட்டது, காய்ந்த ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். கருமை கொஞ்சம் மிச்சமிருப்பது நல்லதே, அதைக் கன்சீலர் பார்த்துக்கொள்ளும்.

வாயைச் சுற்றி இதிலும் பாதி அளவு. பேசும்போதும் சிரிக்கும்போதும் அசையும் இடம் அது, தடித்தால் மதியச் சாப்பாட்டுக்குள் விரிசல் விடும். வைத்ததும் ஒரு நிமிடம் சும்மா இருங்கள். இந்த ஒரு நிமிடத்தைப் பலரும் விழுங்கிவிடுகிறார்கள்.

8. ஃபவுண்டேஷன், பிறகு கன்சீலர்

ஃபவுண்டேஷனை முகத்தின் நடுவிலிருந்து வெளியே மெலிதாகப் பரப்புங்கள். கரெக்டர் உள்ள இடங்களில் பிரஷை இழுக்கக் கூடாது. ஈர ஸ்பாஞ்சால் ஒற்ற மட்டும் வேண்டும். இழுத்தால் ஏழாவது படி மொத்தமும் கழன்று வரும்.

கன்சீலரை ஃபவுண்டேஷனுக்குப் பிறகு வைப்பதற்குக் காரணம் சிக்கனம்தான். பாதி வேலையை ஃபவுண்டேஷன் முடித்திருக்கும், மிச்சத்துக்கு மட்டும் கன்சீலர் போதும். ஷேடு உங்கள் தோலோடு ஒத்ததாக இருக்கட்டும், மிஞ்சினால் அரை ஷேடு வெளுப்பு. கண்ணடியில் இரண்டு மூன்று ஷேடு வெளுப்பாக முக்கோணம் வரையும் பாணி கரெக்டர் செய்த வேலையைக் கெடுத்துவிடும்.

9. பவுடரும் ஃபிளாஷ் சோதனையும்

பவுடரைக் கண்ணடியிலும் மூக்கிலும் மட்டும் அழுத்துங்கள். வெள்ளைப் பவுடர் வேண்டாம். மஞ்சள் கலந்தது, அல்லது கருத்த தோலுக்கு ஆரஞ்சு கலந்தது.

நான் தனியாகச் செய்த முதல் கல்யாணத்தில், "நிறமே இல்லாத பவுடர், யாருக்கும் போகும்" என்ற பேச்சை நம்பி வாங்கியதைத் தாராளமாகப் போட்டேன். மண்டபத்தில் பெண் அழகாகத்தான் இருந்தாள். ஆல்பம் வந்தபோது ஒவ்வொரு படத்திலும் கண்ணைச் சுற்றி மாவு கொட்டியது போல இரண்டு வெள்ளை வட்டம். சிலிக்கா அதிகமுள்ள பவுடர் கண்ணுக்குத் தெரியாது, ஃபிளாஷ் பட்டால் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். அந்த ஆல்பத்தை இன்றும் வகுப்பில் காட்டுவதுண்டு, முகத்தை மறைத்து.

ஆகவே பவுடர் போட்டதும் விளக்கை அணைத்து, போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம். வெள்ளை தெரிந்தால், காய்ந்த பிரஷால் தட்டிவிட்டு, ஃபவுண்டேஷன் நிறத்துப் பவுடரை மேலே ஒற்றுங்கள்.

10. தப்பு வந்தால் எங்கே திரும்புவது

சாம்பல் தெரிந்தால் பெரும்பாலும் கன்சீலர் வெளுப்பு, அல்லது கரெக்டர் பீச் பக்கம் போய்விட்டது. மேலே எதையும் அடுக்காதீர்கள். அந்த இடத்தை மட்டும் துடைத்து ஏழாவது படிக்குத் திரும்புங்கள்.

ஆரஞ்சு எட்டிப் பார்த்தால் கரெக்டர் கூடிவிட்டது. இதற்குத் துடைக்க வேண்டியதில்லை, தோல் நிறக் கன்சீலரைத் துளி வைத்து ஒற்றினால் அடங்கும். இரண்டு தடவை வைத்தும் அடங்கவில்லையென்றால் துடைத்துவிடுங்கள்.

சுருக்கக் கோடுகளில் போய்த் தேங்கினால் மாய்ஸ்சரைசர் காயவில்லை, அல்லது பவுடர் போடும் முன் கோட்டை ஒற்றி எடுக்கவில்லை. மதியத்துக்குள் முகம் மொத்தமும் ஒரு படி கறுத்தால் ஐந்தாவது படியில் இருபது நிமிடம் காத்திருக்கவில்லை. அந்தப் பாட்டிலைத் தூக்கிப் போட வேண்டாம், ஒரு ஷேடு வெளுத்ததோடு கலந்து தீருங்கள்.

இரவு கலைப்பதிலும் கவனம் தேவை. கரெக்டர் மெழுகும் எண்ணெயும் சேர்ந்தது, சோப்பு மட்டும் போட்டால் போகாது. கிளென்சிங் எண்ணெயைப் பஞ்சில் நனைத்துக் கண்ணடியில் அரை நிமிடம் வைத்திருந்து, ஒரே பக்கமாக வழித்து எடுத்து, பிறகு முகம் கழுவுங்கள். பறபறவென்று தேய்க்காதீர்கள். மாநிறத் தோலில் தேய்ப்பே புதுக் கருமையை வரவழைக்கும்.